செல்லுக்கும் கணுக்கால் உண்டு!



கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே போனால் சாலை மெல்ல வளைந்து மேலே ஏறத் தொடங்கும். காற்று குளிரும். வெள்ளிமலைக்குப் போகும் வழியிலேயே பெரியார் நீர்வீழ்ச்சி. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக விழும். பாறையில் பாசியும் நன்றாகவே இருக்கும்!

பல வருடங்களுக்கு முன் என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. (2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆயிற்று.) "ஓடாதீங்கடா, வழுக்கும்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பையன் பாசியில் கால் வைத்து விழுந்தான். முட்டியில் நல்ல சிராய்ப்பு. ரத்தம் கோடு கோடாக இறங்கியது. சுத்தமான தண்ணீரில் கழுவி, என் கைக்குட்டையை மடித்து, முட்டியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பஸ் வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தவன் கேட்டான்:

"சார், ரத்தம் தானா நின்னுபோச்சு. உள்ள போய் யாரு சார் அடைச்சது?"

"தட்டணுக்கள்டா. பாடத்துல இருக்கே" என்றேன். ஆசிரியர்கள் பலரும் செய்கிற தந்திரம் இது. பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கம் சொன்னதாக ஆகிவிடும்! அவன் விடவில்லை. "அதுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. ஓடுற ரத்தத்துல அது எப்படி சார் பிடிச்சு நிக்கும்?"

நியாயமான கேள்வி. ஆற்றில் அடித்துப் போகிற இலை, நினைத்த இடத்தில் நிற்க முடியுமா? அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு சொட்டில் ஒரு கோடி

டெங்கு காய்ச்சல் காலத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "பிளேட்லெட் குறைஞ்சிடுச்சாம்" என்பார்கள். அந்தப் பிளேட்லெட்தான் தட்டணு. உங்கள் பாடப் புத்தகம் இரத்தத் தட்டுகள் என்று சொல்லும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். அதாவது ஒரு சொட்டு ரத்தத்தில் சுமார் ஒரு கோடி! ஒரு மில்லிமீட்டர் நீளக் கோட்டின் மேல் வரிசையாக அடுக்கினால் 400 தட்டணுக்கள் உட்காரும். அவ்வளவு சிறியவை. அவற்றுக்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வருபவை அவை. ஆயுள் ஒரு வாரம், பத்து நாள்.

சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது தட்டணு, தன் பெயருக்கு ஏற்ப, வழவழப்பான ஒரு குட்டித் தட்டு. ரத்தக் குழாயில் காயம் பட்டு, குழாயின் அடியில் இருக்கும் நார்ப்பொருள் வெளியே தெரிந்ததும் அதன் தோற்றமே மாறிவிடும். தட்டு உருண்டையாகும். உருண்டையிலிருந்து முட்கள் போலக் கைகள் நீளும். பிறகு கைகளுக்கு இடையே சவ்வு விரிந்து, தோசைக் கல்லில் ஊற்றிய மாவு போலப் பரவி, காயத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

கையே இல்லாததற்குக் கை எங்கிருந்து முளைத்தது? உள்ளே கயிறு இருக்கிறது!

மிளகாய் ஊரில் கிடைத்த கயிறு

அந்தக் கயிற்றின் பெயர் ஆக்டின். அது ஒரு புரதம். குட்டி மணிகள் போன்ற ஆக்டின் துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, இரட்டைப் புரி முறுக்கிய கயிறு ஆகும். நம் தலைமுடியின் அகலத்துக்குச் சமமாக வேண்டுமானால் இந்தக் கயிறுகளில் சுமார் பத்தாயிரத்தைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த கதை ருசியானது. ஹங்கேரி நாட்டில் செகெட் என்று ஓர் ஊர். மிளகாய்க்குப் பேர்போன ஊர். அங்கே ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானி இருந்தார். உள்ளூர்ச் சிவப்பு மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யை அள்ளி அள்ளி எடுத்தவர். 1937இல் நோபல் பரிசு பெற்றவர். அதன்பின் அவருடைய கவனம் தசையின் பக்கம் திரும்பியது. அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் 1942இல் புரூனோ ஸ்ட்ராப் என்பவர் தசையிலிருந்து ஆக்டினைப் பிரித்தெடுத்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம் அது. அவர்கள் கண்டுபிடித்தது போர் முடிந்த பிறகுதான் வெளி உலகத்துக்குச் சரியாகத் தெரிந்தது.

தசை சுருங்குவதற்கு ஆக்டினும் மயோசின் என்ற இன்னொரு புரதமும் வேண்டும். ஆக்டின் கயிறு, மயோசின் அதை இழுக்கும் ஆள். சரி, தசைக்குள் இருப்பது ரத்தத் தட்டணுவுக்கு எதற்கு? 1959இல் சுவிட்சர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் மனிதத் தட்டணுக்களிலிருந்து தசைப் புரதம் போலவே சுருங்கும் ஒரு பொருளை எடுத்துக் காட்டினார்கள். தட்டணுவுக்குள்ளும் கயிறு உண்டு, இழுக்கும் ஆளும் உண்டு என்று தெரிந்தது. இப்போது நமக்குத் தெரியும்: நம் உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் ஆக்டின் இருக்கிறது.

ஆனால் கயிறும் ஆளும் இருந்தால் போதுமா? கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கயிற்றின் மறுமுனையில் வாளி கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? நாள் முழுக்க இழுத்தாலும் கயிறுதான் மேலே வரும். கயிற்றை எதிலாவது கட்ட வேண்டும். ஆக்டினோடு கைகோத்து வேலை செய்யும் புரதங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. சில கயிற்றை நீட்டும், சில வெட்டும், சில கயிறுகளை வலை போலப் பின்னும். கட்டுகிற வேலைக்கென்றே இருப்பவர்களில் தலையானவரைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கணுக்கால் என்று பெயர் வைத்தார்கள்

1983இல் கீத் பர்ரிட்ஜ், லாரி கானல் என்ற இருவர், செல்கள் தரையைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும் இடங்களில் ஒரு புதிய புரதம் குவிந்திருப்பதைக் கண்டார்கள். அதற்கு 'டேலின்' என்று பெயர் சூட்டினார்கள். லத்தீன் மொழியில் 'டாலுஸ்' என்றால் கணுக்கால். (நம் தமிழில் 'தாள்' என்றால் பாதம். இரண்டு சொற்களுக்கும் உறவு ஏதும் இல்லை. மனப்பாடம் செய்ய மட்டும் உதவும்!)

ஏன் கணுக்கால்? உங்கள் காலையே பாருங்கள். கீழே பாதம் தரையைத் தொடுகிறது. மேலே கால் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கணுக்கால். செல்லுக்கும் அப்படித்தான். செல்லின் தோலைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கும் ஒரு புரதம் உண்டு. பெயர் இன்டெகிரின். இதுதான் பாதம். வெளியே இருப்பதைப் பற்றிக்கொள்ளும். உள்ளே ஆக்டின் கயிறு. நடுவில் டேலின். அதன் தலைப்பகுதி இன்டெகிரினின் வாலைப் பிடிக்கும். நீண்ட உடற்பகுதி ஆக்டினைப் பிடிக்கும். இன்டெகிரின் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: அதைக் கண்டறிந்து விளக்கியதற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாட்டி, டிமோதி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் லஸ்கர் விருது கிடைத்தது. மருத்துவ உலகில் நோபலுக்கு அடுத்தபடியாக மதிக்கப்படும் விருது அது.

டேலின் சற்றுப் பெரிய ஆள். சர்க்கரை நோயாளிகள் ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. டேலினில் 2,541!

இனி தட்டணுவுக்கு வருவோம். ஒவ்வொரு தட்டணுவின் மேலும் சுமார் 80 ஆயிரம் இன்டெகிரின் பாதங்கள் உள்ளன. ஆனால் எல்லாமே மடங்கிக் கிடக்கும். மடங்கியிருக்கத்தான் வேண்டும்! எப்போதும் நிமிர்ந்து நின்றால் ஓடுகிற ரத்தத்திலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழாயை அடைத்துவிடுமே. காயம் பட்ட செய்தி கிடைத்ததும் உள்ளே இருக்கும் டேலின் ஓடிவந்து இன்டெகிரினின் வாலைப் பிடிக்கிறது. அவ்வளவுதான், வெளியே மடங்கியிருந்த பாதம் நிமிர்ந்து விரிகிறது. செல்லின் உள்ளே ஒருவர் தொட, வெளியே கதவு திறக்கிறது! திறந்த பாதம், ரத்தத்தில் மிதக்கும் ஃபைப்ரினோஜன் என்ற நீளமான புரதத்தைப் பிடிக்கும். அதன் மறுமுனையைப் பக்கத்துத் தட்டணு பிடிக்கும். அதை இன்னொன்று. இப்படிக் கைகோத்து ஒரு கூட்டமே அணை கட்டிவிடும்.

கரும்பு லோடு கட்டுவது போல

அணை கட்டியதோடு வேலை முடியவில்லை. இங்கேதான் நம் ஊர்க் காட்சி ஒன்று உதவும். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். கரும்பை அடுக்கியதும் மேலே கயிறு போடுவார்கள். பிறகு ஓர் ஆள் லோடின் மேல் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, கயிற்றைப் பின்னால் சாய்ந்து இழுப்பார். தொளதொளவென்று இருந்த லோடு கிச்சென்று இறுகும். காலை ஊன்றாமல் இழுத்துப் பாருங்கள், கரும்பு நகராது. நீங்கள்தான் நகர்ந்து விழுவீர்கள்.

தட்டணுக்கள் செய்வதும் இதையேதான். ஃபைப்ரினோஜன், ஃபைப்ரின் நாராக மாறி வலை பின்னுகிறது. தட்டணு தன் பாதங்களால் நாரைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே மயோசின் ஆக்டின் கயிற்றை இழுக்கிறது. கயிறு டேலினை இழுக்க, டேலின் பாதத்தை இழுக்க, பாதம் நாரை இழுக்க, மொத்த உறையும் சுருங்கி இறுகுகிறது. காயத்தின் இரு ஓரங்களும் கொஞ்சம் நெருங்கி வருகின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடல் சூட்டில் அசையாமல் வைத்தால் முதலில் அது ஜெல்லி போல உறையும். ஒன்றிரண்டு மணி நேரம் போனால் அந்த உறை தானாகச் சுருங்கி, குழாயின் சுவரை விட்டு விலகும். சுற்றிலும் மஞ்சள் நிறத் தெளிநீர் பிரிந்து நிற்கும். யாரும் பிழியவில்லை. உள்ளே இருந்த தட்டணுக்கள் இழுத்த இழுப்பு அது.

எண்ணிக்கை சரி, பிடிதான் இல்லை

1918இல் சுவிட்சர்லாந்தில் எட்வார்ட் க்ளான்ஸ்மன் என்ற குழந்தை மருத்துவர் சில பிள்ளைகளைக் கண்டு குழம்பினார். மூக்கில் ரத்தம் வந்தால் நிற்காது. பல் விழுந்தால் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். லேசாக இடித்தாலே நீலமாகக் கன்றும். தட்டணு குறைவோ என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாகவே இருந்தது! ஆனால் அவர்களுடைய ரத்தம் குழாயில் உறைந்த பிறகு சுருங்கவில்லை. ஜெல்லி ஜெல்லியாகவே இருந்தது. தட்டணு இருக்கிறது, ஆனால் அதற்குப் பலம் இல்லை என்று முடிவு செய்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது: க்ளான்ஸ்மன் நோய்.

பலம் ஏன் இல்லை என்பது தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தப் பிள்ளைகளின் தட்டணுவில் ஆக்டின் கயிறு உண்டு. மயோசின் உண்டு. டேலின் கணுக்காலும் உண்டு. இன்டெகிரின் பாதம்தான் இல்லை, அல்லது பழுது. கணுக்கால் தயாராக ஓடி வருகிறது; பிடிக்கப் பாதம் இல்லை!

இதற்கு நேர்மாறாக, பாதம் இருந்து கணுக்கால் இல்லாவிட்டால்? 2007இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இரண்டு குழுவினர், தட்டணுக்களில் மட்டும் டேலின் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் தட்டணுக்களில் பாதங்கள் இருந்தன. ஆனால் விரியவே இல்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் போயிற்று. ஒரே நோய், இரண்டு வாசல் வழியாக!

சுவிட்சர்லாந்துச் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள் 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் க்ளான்ஸ்மன் நோய் கண்ட 42 பேரைப் பற்றியது அது. உலகம் முழுக்க அரிதான ஒரு நோய்க்கு 42 பேர் என்பது பெரிய எண்ணிக்கை. தென்னிந்தியாவில் இது ஏன் கூடுதலாகத் தெரிகிறது?

அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாகக் கிடைக்கிறது. இன்டெகிரின் மரபணுவில் ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று சமாளித்துவிடும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுமே பழுதானால்தான் நோய். அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பழுதுப் பிரதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்த இருவர் மணந்துகொண்டால், இருவரிடமும் ஒரே பழுது இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்வது நம் பக்கம் வழக்கம்தானே. அதனால்தான். இதில் பெற்றோரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தங்களிடம் இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் குழந்தைகளுக்கு நடக்கிற பெரிய அநியாயம் எது தெரியுமா? ரத்தப் பரிசோதனைச் சீட்டில் "பிளேட்லெட் 2,50,000" என்று வரும். "எல்லாம் நார்மல், சூட்டு உடம்பு, இளநீர் குடி" என்று அனுப்பிவிடுவார்கள். எண்ணும் சோதனை எண்ணிக்கையைத்தான் சொல்லும். பிடிமானத்தைச் சொல்லாது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது. அது பெரிய மருத்துவமனைகளில்தான் நடக்கும். மலைக் கிராமத்திலிருந்து கீழே இறங்கி, பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேர்வது ஒரு குடும்பத்துக்கு லேசான காரியமா? கள்ளக்குறிச்சியிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது; வழி காட்டவாவது பக்கத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

நோய் தெரிந்துவிட்டால் சமாளிக்க வழி உண்டு. பல் பிடுங்கும்போதும் அறுவை சிகிச்சையின்போதும் மருத்துவர்கள் முன்னேற்பாடு செய்வார்கள். உறைந்த ரத்தம் கரையாமல் இருக்க மருந்து தருவார்கள். தேவைப்பட்டால் மற்றவர் தானமாகக் கொடுத்த தட்டணுக்களை ஏற்றுவார்கள். ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடவே கூடாது. அது இருக்கிற தட்டணுவையும் மந்தமாக்கும். முட்டி மோதும் விளையாட்டுகளும் வேண்டாம் என்பார்கள். ஆக, உங்கள் வகுப்பில் ஒருவன் கபடிக்கு வராமல் ஓரமாக நின்றால், "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். ஸ்கோர் எழுத ஓர் ஆள் எப்போதும் தேவைதான்.

மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது எல்லாருக்கும் பொது. தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நேராக உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மெதுவான பகுதியை இரு விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். வாயால் மூச்சு விடுங்கள். நடுநடுவே கையை எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான். அடிக்கடி இப்படி வந்தால், தானாக நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இழுக்க இழுக்க இறுகும்

டேலினிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. அதன் நீண்ட உடலில் 13 சுருள் பொட்டலங்கள் வரிசையாக உள்ளன. லேசாக இழுத்தால் ஒன்றும் ஆகாது. பலமாக இழுத்தால் ஒரு பொட்டலம் பட்டென்று பிரியும். பிரிந்ததும் உள்ளே மறைந்திருந்த ஓர் இடம் வெளியே தெரியும். அந்த இடத்தில் 'வின்குலின்' என்ற வேறொரு புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். 'வின்குலம்' என்றால் லத்தீனில் கட்டு. அது தன் பங்குக்கு இன்னும் சில ஆக்டின் கயிறுகளைக் கொண்டுவந்து சேர்க்கும். சுமை கூடினால் கட்டும் கூடுகிறது! வைக்கோல் லோடு கட்டுகிறவர்கள் போடும் சுருக்கு முடிச்சும் இப்படித்தான். இழுக்க இழுக்க இறுகும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒற்றை டேலின் மூலக்கூறைப் பிடித்து இழுத்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஒரு முனையைக் கண்ணாடியில் ஒட்டி, மறுமுனையில் ஒரு நுண்ணிய காந்த மணியை ஒட்டி, காந்தத்தால் மெதுவாக இழுத்தார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஷீட்ஸ் என்பவரின் குழு 2009இல் இப்படிச் செய்து காட்டியது. அதே ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் செல்களின் இழுவிசையை ஆராயவென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநரும் ஷீட்ஸ்தான். அங்கே மேலும் துல்லியமாக அளந்தார்கள். முதல் பொட்டலம் பிரியத் தேவையான விசை எவ்வளவு தெரியுமா? ஓர் எலுமிச்சம்பழத்தின் எடையைப் பத்தாயிரம் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் சுமார் ஒரு பங்கு! அவ்வளவு சிறிய இழுப்பையும் நம் செல் உணர்கிறது.

பனையேறியும் வெள்ளணுவும்

தட்டணு, பிடித்த இடத்திலேயே நிற்கும் ஆள். நடந்து வர வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள். கிருமியைத் தின்ன வெள்ளணு வர வேண்டும். மூட வேண்டிய இடத்துக்குத் தோல் செல் வர வேண்டும். இவர்கள் நடக்கிற நடை எப்படி?

பனை மரம் ஏறுகிறவரைப் பாருங்கள். கால்களில் நார் வளையம் மாட்டியிருப்பார். கைகளை மேலே நீட்டி மரத்தைத் தழுவுவார். பிடி இறுகியதும் உடம்பைத் தூக்குவார். பிறகு கால்களின் பிடியைத் தளர்த்தி மேலே கொண்டுவந்து ஊன்றுவார். நீட்டு, பிடி, இழு, விடு. நான்கில் எது தவறினாலும் ஏற முடியாது. பிடிக்கத் தெரியாதவர் வழுக்குவார். விடத் தெரியாதவர் நின்ற இடத்திலேயே நிற்பார்!

வெள்ளணுவும் இப்படித்தான். முன்பக்கம் ஆக்டின் மணிகள் சேர்ந்து கயிறு நீள, சவ்வு முன்னே தள்ளப்படுகிறது. டேலின் வந்து பாதங்களைத் திறக்க, முன்பக்கம் பிடித்துக்கொள்கிறது. மயோசின் இழுக்க, உடல் முன்னே வருகிறது. பின்பக்கத்தில் டேலினை வெட்டுகிற நொதி ஒன்று இருக்கிறது. அது கட்டை அவிழ்த்துவிட, பின்கால் விடுபடுகிறது. கழற்றிய கயிற்றின் மணிகள் மறுபடி முன்பக்கத்துக்கே போகின்றன. வெள்ளணுவின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் கடக்கப் பதினாறு, பதினேழு மணி நேரம்! நத்தை சிரிக்கும். ஆனால் அந்த உடம்புக்கு அது பெரிய ஓட்டம்தான்.

கருவில் குழந்தை உருவாகும்போதும் செல்கள் இப்படி இடம் விட்டு இடம் நடந்துதான் உறுப்புகள் அமைகின்றன. உடல் முழுதும் டேலின் இல்லாமல் செய்த எலிக் கருக்கள் தொடக்கக் கட்டத்திலேயே நின்றுபோயின, பிறக்கவே இல்லை.

சரி, அந்தப் பையனின் முட்டிக்கு வருவோம். மறுநாள் பள்ளிக்கு வந்தபோது அவன் காயத்தின் மேல் பக்கு கட்டியிருந்தது. சுருங்கி இறுகிய ரத்த உறை காய்ந்ததுதான் பக்கு. வீட்டில் யாரோ காப்பித்தூள் வேறு அப்பியிருந்தார்கள்! (வேண்டாம் குட்டிகளே, ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும்.) இரண்டு நாளில் அரிப்பு எடுத்து, பெஞ்சுக்கு அடியில் குனிந்து நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான். கையைத் தட்டிவிட்டேன். பக்குக்கு அடியில், காயத்தின் நாலு ஓரத்திலிருந்தும் தோல் செல்கள் ஒன்றையொன்று விடாமல் கைகோத்து, நீட்டிப் பிடித்து இழுத்து விட்டு, நடுவை நோக்கி நடந்துகொண்டிருந்தன. நகத்தால் பிய்த்தால் வந்த வழியெல்லாம் பாழ். மறுபடி ஓரத்திலிருந்து கிளம்ப வேண்டும். அடுத்த வாரம் பக்கு தானாக உதிர்ந்தபோது அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் இருந்தது.